அலவாங்கு கற்பித்த பாடம்: திட்ட முகாமைத்துவப் பயிலுனராக ஓராண்டு

எமது கிராமங்களில் இன்று ‘திட்டம்’ என்ற சொல்லை அறியாதவர் இல்லை. வீடமைப்புத் திட்டம், குடிநீர்த் திட்டம், வாழ்வாதாரத் திட்டம் என ஒன்று முடிய ஒன்று வருகின்றது. திட்டங்களை நடத்துவதற்கெனப் பயிற்சிப் பட்டறைகளும் சான்றிதழ்களும் பெருகியுள்ளன. க.பொ.த. உயர்தரம் முடித்த பிள்ளைகளும் பட்டதாரிகளும் என்னிடம் வந்து, “பாதர், புரொஜெக்ட் மனேஜ்மென்ட் படிக்க எங்கே போகலாம்?” என்று கேட்கின்றனர். அவர்களுக்கு நான் வழமையாகச் சொல்லும் பதிலை இங்கு சற்று விரிவாக எழுத விரும்புகின்றேன். அது எனது சொந்த அனுபவம். அதிலே பெருமைப்படக் கூடியது சிறிதளவும், வெட்கப்பட வேண்டியது அதனிலும் கூடுதலாகவும் உண்டு.

பயிலுனர் என்ற பதவி

2012ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நான் ஒரு கிராம அபிவிருத்தி நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டேன். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்று, குருவாகி, இரண்டு பங்குகளில் உதவிப் பங்குத்தந்தையாகப் பணியாற்றியிருந்தேன். நிறுவனத்தின் பொறுப்பைப் பின்னர் ஏற்க வேண்டியவன் என்பதால், நாற்காலியும் மேசையும் எனக்கெனக் காத்திருக்கும் என்றே எண்ணினேன். ஆனால் கிடைத்த கடிதத்தில் ‘ஓராண்டு காலத்துக்குத் திட்டப் பயிலுனர்’ என்று எழுதப்பட்டிருந்தது. எவரிடம் பயில வேண்டும் என்பதும் அதிலே இருந்தது.

அவர் திட்ட இணைப்பாளர். அறுபத்து மூன்று வயது. குளங்களிலும் வாய்க்கால்களிலும் முப்பது வருடங்களுக்கு மேலாக அரச சேவை செய்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் ‘ஓவசியர் ஐயா’ என்றே அழைத்தனர். முதல்நாள் அவர் எனக்கு ஒரு தடித்த கொப்பியைத் தந்து இரண்டு நிபந்தனைகளைச் சொன்னார். “பாதர், ஆறு மாதத்துக்கு நீங்கள் ஒன்றிலும் கையொப்பம் வைக்க வேண்டாம். கண்டதையும் கேட்டதையும் ஒவ்வொரு நாளும் இதிலே எழுதுங்கோ. சனிக்கிழமை பின்னேரம் நான் வாசிப்பன்.”

பூசை மேடையிலும் பிரசங்க மேடையிலும் முன்னால் நின்று பழகிய ஒருவனுக்கு, பின்னால் நிற்பது எளிதன்று. மக்கள் என்னைக் கண்டதும் எழுந்து நின்று கதிரை போடுவார்கள். ஓவசியர் ஐயா நிலத்தில் குந்தியிருந்து அவர்களோடு பேசுவார். கதிரையில் இருந்த எனக்கு அவர்கள் மெதுவாகப் பேசிக்கொண்டது பாதிதான் கேட்கும். மூன்றாம் வாரம் நானும் நிலத்தில் இருக்கப் பழகினேன்.

வகுப்பறையில் கற்றவை

பெப்ரவரியில் என்னை இரண்டு வாரப் பயிற்சி நெறி ஒன்றுக்கு அனுப்பினர். அங்கு கற்றவை பயனற்றவை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் உரிய நாட்களைக் கிடைக்கோடாக வரையும் அட்டவணையை முதலில் கற்றோம். முதலாம் உலகப் போர்க் காலத்தை அண்டி அதனைப் பரவச் செய்த அமெரிக்கப் பொறியியலாளர் ஹென்றி காண்ட் என்பவரின் பெயரால் அது வழங்குகின்றது. அடுத்ததாக, எந்த வேலை ஒருநாள் பிந்தினால் முழுத் திட்டமுமே ஒருநாள் பிந்துமோ, அந்த வேலைகளின் சங்கிலியைக் கண்டுபிடிக்கும் முறையைக் கற்றோம். இது 1950களின் பிற்பகுதியில் டூபொண்ட் என்ற அமெரிக்க இரசாயனக் கம்பனியில் உருவானது. அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படையும் தனது ஏவுகணைத் திட்டத்துக்காக இதையொத்த ஒரு முறையை அமைத்தது.

மூன்றாவது, நன்கொடை நிறுவனங்கள் எல்லாம் கேட்கும் ‘லொக்பிரேம்’ எனப்படும் தர்க்கச் சட்டகம். 1969இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகவரகத்துக்காக இது வடிவமைக்கப்பட்டது. நான்கு வரிசைகள்: செயற்பாடு, வெளியீடு, நோக்கம், இலக்கு. நான்கு நிரல்கள்: விவரணம், அளவிடும் சுட்டி, சரிபார்க்கும் ஆதாரம், எடுகோள். செயற்பாடுகள் நடந்து எடுகோள்களும் உண்மையாக இருந்தால் வெளியீடு கிட்டும். வெளியீடு கிட்டி அதற்குரிய எடுகோள்களும் உண்மையாக இருந்தால் நோக்கம் நிறைவேறும். இவ்வாறு கீழிருந்து மேலே ஏற வேண்டும். மெய்யியல் படித்த எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. நானே ஒரு சட்டகத்தைத் தயாரித்து, தட்டச்சுச் செய்து, ஓவசியர் ஐயாவிடம் கொடுத்தேன்.

அவர் கடைசி நிரலை மட்டும் வாசித்தார். எடுகோள்கள் என்ற அந்த நிரலில் நான் ‘சாதகமான காலநிலை நிலவும்’ என்று எழுதியிருந்தேன்.

“எதுக்குச் சாதகம்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

குளமும் ஊரும்

எமது திட்டம் மன்னார் மாவட்டத்தின் உட்பகுதியில் உள்ள ஒரு சிறு குளத்தைப் புனரமைப்பது. கட்டுக்கரைக்குளம் போன்ற பெருங்குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்குக் குறைவான நிலத்துக்குப் பாய்ச்சும் சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் கமக்காரர் அமைப்புகளும் பராமரிக்கின்றன. எமது குளம் 90 ஏக்கருக்குப் பாயும். போரினால் இடம்பெயர்ந்து, முகாம்களில் இருந்து மீண்ட 47 குடும்பங்கள் அதனை நம்பியிருந்தன. குளக்கட்டில் பதுங்குகுழிகள் வெட்டப்பட்டிருந்தன. துருசு உடைந்திருந்தது. கட்டின்மேல் பாலை மரங்களும் பற்றைகளும் வளர்ந்து, வேர்கள் கட்டைத் துளைத்திருந்தன.

மதிப்பீடு 48 இலட்சம் ரூபா. திட்டப்படி யூன் 11ஆம் திகதி மண்வேலை தொடங்கி, ஓகஸ்ட் முடிவில் கட்டு எழும்பி, செப்ரெம்பரில் அலையடிக்கும் பக்கத்துக்குக் கல் அடுக்கி, மறுபக்கத்துக்குப் புல் பதித்து, ஒக்டோபர் நடுப்பகுதியில் மாரி தொடங்குமுன் எல்லாம் முடிய வேண்டும். வன்னியில் குளவேலை செய்வோருக்கு மழைதான் கடைசித் திகதி.

முதல் தாமதம், கண்ணிவெடி அகற்றப்பட்டமைக்கான சான்றிதழ். நாங்கள் கிறவல் எடுக்கவிருந்த இடத்துக்கு அது கிடைத்தபோது யூலை 2ஆம் திகதி. மூன்று வாரங்கள் போய்விட்டன.

இரண்டாவது தாமதம் நான் நினைத்தும் பாராதது. 2012ஆம் ஆண்டின் முற்பகுதியில் வடக்கில் கடும் வரட்சி. குளம் வற்றிக் கிடந்தது. டோசர் எங்கும் ஓடலாம். இதைவிடச் சாதகமான காலநிலை வேறு என்ன வேண்டும் என்று மகிழ்ந்தேன். ஆனால் மண்ணை ஆறு அங்குலம் முதல் ஒன்பது அங்குலம் வரையான படைகளாகப் பரப்பி, ஒவ்வொரு படையையும் றோலரால் அழுத்த வேண்டும். அழுந்துவதற்கு மண்ணிலே அளவான ஈரம் வேண்டும். காய்ந்த மண் எத்தனைமுறை உருட்டினாலும் மாவாகவே கிடக்கும். ஓவசியர் ஐயா ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தார். கையை விரித்ததும் அது உதிர்ந்தது. “பிடிச்ச பிடியிலை நிக்க வேணும். கீழை போட்டா நாலைஞ்சு துண்டாய் உடைய வேணும். சேறாகவும் இருக்கக் கூடாது. அதுதான் பதம்” என்றார்.

தண்ணீர் பவுசர் மூலம் ஆறு மைல் தூரத்திலிருந்து நீர் கொண்டுவர வேண்டியிருந்தது. எமது வரவு செலவுத் திட்டத்தில் பவுசர் என்றொரு வரியே இல்லை. ‘எதுக்குச் சாதகம்’ என்ற கேள்வியின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. எடுகோள் நிரல், சட்டகத்தை நிரப்புவதற்காக எழுதும் அலங்காரம் அன்று. எம்மால் கட்டுப்படுத்த முடியாதவை எவை, அவை பிழைத்தால் நாம் என்ன செய்வோம் என்று எம்மையே விசாரிக்கும் இடம் அது. நான் அதனை ஒரு சொற்றொடரால் கடந்து போயிருந்தேன்.

எனது கையொப்பம்

ஆறு மாதம் முடிந்து, யூலை முதல் எனக்கும் கையொப்பமிடும் அதிகாரம் தரப்பட்டது. செப்ரெம்பர் 12ஆம் திகதி ஓவசியர் ஐயா நெஞ்சு நோவினால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். மூன்று வாரம் திட்டம் எனது கையில் இருந்தது.

நன்கொடை நிறுவனத்துடனான ஒப்பந்தப்படி செப்ரெம்பர் 30ஆம் திகதிக்குள் மண்வேலை முழுவதும் முடிந்ததாக அறிக்கை சென்றால்தான் அடுத்த தவணைப் பணம் வரும். அந்தப் பணத்தில்தான் கல் வாங்க வேண்டும். ஊழியரின் சம்பளமும் அதிலேயே தங்கியிருந்தது. அப்போது கட்டின் தெற்கு முனையில் 35 மீற்றர் நீளத்துக்கு மேல் நான்கு அடி இன்னும் எழும்பவில்லை. ஒப்பந்தகாரர் இயந்திரங்களை வேறொரு வேலைக்குக் கொண்டுசெல்ல அவசரப்பட்டார். இரண்டே நாளில் அந்தப் பகுதியை நிரப்பிவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். உயரம் சரியாக இருந்தது. மேற்பரப்பு வழவழப்பாக இருந்தது. அளவு நாடாவைப் பிடித்தோம். வரைபடத்தில் உள்ள அளவு அப்படியே வந்தது.

அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் சொன்னார்: “சுவாமி, ரெண்டு நாளும் இந்தப் பக்கம் தண்ணி வரேல்லை. இந்த மண் இன்னும் இருக்கேல்லை.”

நான் அவருக்கு நன்றி சொன்னேன். ஒப்பந்தகாரரிடம் கேட்டேன்; அவர் தண்ணீர் தெளித்ததாகச் சொன்னார். அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது, ஆகவே அதனை நம்பினேன். அளவீட்டுத் தாளில் ‘மண்வேலை 100 வீதம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். 28ஆம் திகதியே அறிக்கை போய்ச் சேர்ந்தது. குறித்த நாளுக்கு முன்னரே அனுப்பிவிட்டேன் என்ற திருப்தியோடு அன்றிரவு நித்திரை கொண்டேன். அதனைக் கொப்பியிலும் எழுதி வைத்தேன். அந்தப் பக்கத்தை இப்போதும் சிலவேளைகளில் எடுத்து வாசிப்பதுண்டு.

ஒக்டோபர் 3ஆம் திகதி ஓவசியர் ஐயா திரும்பி வந்தார். வைத்தியர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தும் மறுநாள் குளத்துக்கு வந்தார். கையில் ஓர் அலவாங்கு. கட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடந்து, இருபது அடிக்கு ஒரு தடவை அலவாங்கைக் குத்திப் பார்த்தார். எங்கும் ‘ணங்’ என்று நின்றது. தெற்கு முனையில் குத்தினார். இரண்டு அடிக்கு மேல் இறங்கியது.

அவர் ஏசவில்லை. “ஆர் பாதர் கையொப்பம் வைச்சது?” என்று மட்டும் கேட்டார்.

“நான்தான்.”

“அப்ப ஆர் சொல்லப் போறது?”

சொல்ல வேண்டியவர்கள்

மூன்று இடங்களில் சொல்ல வேண்டியிருந்தது. நன்கொடை நிறுவனத்துக்கு அன்றிரவே கடிதம் எழுதினேன். ‘தொழில்நுட்பக் காரணங்களினால்’ என்று தொடங்கிய முதல் பிரதியை ஓவசியர் ஐயா திருப்பித் தந்தார். இரண்டாவது பிரதியில், ‘சரிபார்க்காமல் கையொப்பமிட்டேன், 35 மீற்றர் மீளக் கட்டப்பட வேண்டும்’ என்று எழுதினேன். பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி தெரிவித்திருந்தனர். வேலை மீளச் சான்றுபடுத்தப்படும் வரை தவணைப் பணத்தை நிறுத்தியும் வைத்தனர். உண்மை சொன்னால் உடனே நன்மை கிட்டும் என்று எண்ணுவோருக்காக இதனைக் குறிப்பிடுகின்றேன். அந்த மாதம் எமது வெளிக்கள ஊழியர் இருவருக்குப் பாதிச் சம்பளமே கொடுக்க முடிந்தது. அவர்களில் ஒருவருக்கு மூன்று சிறு பிள்ளைகள். எனது கையொப்பத்தின் விலையை முதலில் செலுத்தியவர்கள் அவர்களே. அவர்கள் முன்னால் நின்று காரணத்தைச் சொன்னது இரண்டாவது இடம்.

மூன்றாவது, ஊர். ஒக்டோபர் 7ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, கமக்காரர் அமைப்பின் கூட்டம். காலபோகத்துக்கு நிலம் பண்படுத்தும் நேரம். நடந்ததைச் சொன்னேன். நீண்ட மௌனம். தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு குரு பிழை சொன்னால் அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு சகோதரி எழுந்தார். “நான் உங்கட பெயர்ப் பட்டியலிலை இல்லை, பாதர். ஆனால் அந்த முனைக்குக் கீழைதான் என்ர வீடு. கட்டு உடைஞ்சா தண்ணி முதல் என்னட்டைத்தான் வரும். நான் மண் வெட்ட வாறன்.”

அவர் ஏன் பட்டியலில் இல்லை என்பதை அன்றுதான் விசாரித்தேன். பயனாளிகள் பட்டியலை நாங்கள் காணி ஆவணங்களைப் பார்த்துத் தயாரித்திருந்தோம். வயல் அவரது கணவரின் பெயரில் இருந்தது. கணவர் 2009இல் காணாமற்போனவர். 2010ஆம் ஆண்டின் தற்காலிக மரணப் பதிவுச் சட்டத்தின்கீழ் மரணச் சான்றிதழ் பெற்றால் காணியை மாற்றலாம் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தனர். “உயிரோடை இருக்கிறாரோ தெரியாது. செத்திட்டார் எண்டு நான் எப்பிடிக் கையொப்பம் வைக்கிறது?” என்று அவர் மறுத்துவிட்டார். 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறும் வழி வந்தது. ஆனால் 2012இல் அந்த வழி இருக்கவில்லை.

நான் பார்க்காத ஒன்றுக்குப் பார்த்ததாகக் கையொப்பம் வைத்தவன். அவர் தனக்குத் தெரியாத ஒன்றுக்குக் கையொப்பம் வைக்க மறுத்து, அதற்காக வயல் உரிமையையே இழந்து நின்றவர். அந்தக் கூட்டத்தில் என்னை அதிகம் தலைகுனிய வைத்தது இதுதான்.

மீளக் கட்டியது

மறுநாளே வேலை தொடங்கியது. ஒப்பந்தகாரர் முதலில் மறுத்தார். “உங்கட ஆளே கையொப்பம் வைச்சிருக்கிறார்” என்றார். ஆனால் ஒப்பந்தத்தில் குறைதிருத்தக் காலம் பற்றிய வாசகத்தையும், கொடுப்பனவில் ஐந்து வீதத்தைப் பிடித்து வைக்கும் வாசகத்தையும் ஓவசியர் ஐயா தொடக்கத்திலேயே சேர்த்திருந்தார். அளவீட்டுத் தாளில் ஒருவர் கையொப்பமிட்டாலும் மறைந்திருந்த குறைக்கு ஒப்பந்தகாரரின் பொறுப்பு நீங்காது. மார்ச் மாதம் அந்த வாசகங்களைத் தட்டச்சுச் செய்தவன் நானே. அவற்றின் பெறுமதி ஒக்டோபரில்தான் தெரிந்தது. ஒப்பந்தகாரரோடு வழக்காட நேரமில்லை. பிடித்து வைத்த பணத்தில் ஒரு பெக்கோவையும் றோலரையும் வாடகைக்கு எடுத்தோம். நான்கு உழவு இயந்திரங்களை ஊரவர்கள் தந்தனர், டீசல் எங்களுடையது.

ஏறத்தாழ 70 கியூப் மண்ணை வெட்டி எடுத்து, மீண்டும் படைபடையாகப் போட்டோம். முதல் மழைத்தூறல்கள் இரண்டு விழுந்திருந்தன. பவுசருக்கு அந்தளவு வேலை இருக்கவில்லை. ஒவ்வொரு படைக்கும் ஓவசியர் ஐயா நாற்காலியில் இருந்தபடி, “பாதர், பிடிச்சுப் பாருங்கோ” என்பார். நான் மண்ணைக் கையில் இறுக்கிப் பார்ப்பேன். மாடு மேய்த்த முதியவரையும் அழைத்துக் கேட்போம். பன்னிரண்டு நாட்களில், ஒக்டோபர் 19ஆம் திகதி, கட்டு எழும்பியது. அலவாங்கைக் குத்தியது நான். அது நின்றது.

ஒக்டோபர் முடிவில் ‘நிலம்’ புயலின் மழை வந்தது. நவம்பரில் தவணைப் பணம் கிடைத்து, ஊழியரின் மிகுதிச் சம்பளத்தைக் கொடுத்து, கல்லடுக்கை முடித்தோம். டிசெம்பர் நடுப்பகுதியில் நாட்டின் பல மாவட்டங்களை வெள்ளம் தாக்கியது. எமது குளம் நிரம்பி, வான் பாய்ந்து, அதன் பின்னும் நீர் ஏறியது. இரண்டு இரவுகள் அரிக்கன் லாம்புகளோடும் டோர்ச்சுகளோடும் கட்டின்மேல் காவல் இருந்தோம். கட்டின் உச்சிக்கு ஒன்றரை அடி கீழ்வரை தண்ணீர் நின்றது. தெற்கு முனையில் ஓரிடத்தில் சிறிய கசிவு கண்டு மண்மூட்டைகள் அடுக்கினோம். கட்டு நின்றது. இறுகாத அந்த நான்கு அடி மண் அங்கே இருந்திருந்தால் அந்த இரவு எப்படி முடிந்திருக்கும் என்பதை நான் இங்கு எழுத வேண்டியதில்லை.

அந்தச் சகோதரியின் பெயரையும், அதேபோல் விடுபட்டிருந்த மேலும் ஆறு குடும்பங்களின் பெயர்களையும், காணிப் பத்திரத்தை வைத்தல்ல, வயலை யார் செய்கின்றார் என்பதை வைத்துக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலேயே சேர்த்துக்கொண்டோம். விதைநெல் பங்கீட்டில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது.

பயில்வோருக்கும் பயிற்றுவோருக்கும்

எமது நாட்டில் தொழிற்பயிலுனர் முறை புதியதன்று. 1971ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1990ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் இன்றுள்ள தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை ஏற்பட்டது. மேசன் வேலைக்கும் மின்னிணைப்பு வேலைக்கும் ஒரு பிள்ளை தொழில் தெரிந்த ஒருவரின் பக்கத்தில் மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் நின்று பழகுகின்றது. அது சரியே; பிழையாகக் கட்டிய சுவர் இடிந்து விழும். ஆனால் அந்த மேசனுக்கு வேலை கொடுத்து, இலட்சக்கணக்கான பணத்துக்கும் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கும் பொறுப்பாக நிற்கும் திட்ட உத்தியோகத்தருக்கு ஐந்து நாள் பட்டறை போதும் என்று நாம் எண்ணுகின்றோம். இது எவ்வகையில் நியாயம்?

இன்று எமது நிறுவனத்துக்கு வரும் பயிலுனர்களுடன் நாம் கடைப்பிடிக்கும் சில ஒழுங்குகளைக் கூறுகின்றேன். ஏனைய நிறுவனங்களும் கருத்தில் கொள்ளலாம்.

முதலாவது, பயிலுனர் ஒரு முழுத் திட்டச் சுற்றைக் காண வேண்டும். மதிப்பீட்டிலிருந்து கணக்காய்வு வரை காணாதவர், தான் தொடக்கத்தில் எழுதும் ஒரு வாசகம் முடிவில் என்னவாகும் என்பதை அறியமாட்டார்.

இரண்டாவது, அவர் ஒரு திட்டத்தைக் கற்பதற்கு ஓர் ஆளிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். ஓர் அலுவலகத்திடம் அல்ல. வாரம் ஒருமுறை அவரது குறிப்புகளை வாசிக்க அந்த ஆளுக்கு நேரம் ஒதுக்கப்பட வேண்டும். அந்த நேரமும் திட்டச் செலவே.

மூன்றாவது, கையொப்ப அதிகாரத்தைப் படிப்படியாகக் கொடுக்க வேண்டும். பயிலுனர் தனியே நிற்கும் காலத்தில் முக்கியமான சான்றுகளுக்கு இரண்டாவது கையொப்பம் தேவை. 2012 செப்ரெம்பரில் எமக்கு அந்த ஒழுங்கு இருக்கவில்லை. அது நிறுவனத்தின் குறை. ஆயினும் எனது பிழைக்கு அது சாட்டு ஆகாது.

நான்காவது, கெட்ட செய்தியைக் கொண்டுவரும் பயிலுனரை ஏசக் கூடாது. ஏசினால் அடுத்தமுறை அவர் ‘தொழில்நுட்பக் காரணங்கள்’ என்று எழுதப் பழகுவார்.

ஐந்தாவது, பயனாளிகள் பட்டியலில் யார் இருக்கின்றார் என்று பார்ப்பதோடு நில்லாமல், யார் இல்லை, ஏன் இல்லை என்று கேட்கப் பழக்க வேண்டும்.

ஓவசியர் ஐயா இப்போது எம்மோடு இல்லை. அவரது அலவாங்கு எமது கந்தோரின் மூலையில் சாத்தியபடி இருக்கின்றது. புதிதாக வரும் பயிலுனர்களுக்கு முதல்நாள் ஒரு கொப்பியைக் கொடுக்கின்றேன். ஆறு மாதம் முடிந்து கையொப்ப அதிகாரம் கொடுக்கும் அன்று, அந்த அலவாங்கையும் காட்டி இந்தக் கதையைச் சொல்கின்றேன். சென்ற தடவை ஒரு பிள்ளை, “இதைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளிலை எப்பிடிப் போறது, பாதர்?” என்று கேட்டார். கரியரில் கட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லி, கயிறும் எடுத்துக் கொடுத்தேன்.